கத்தி படாமலே தேறிய கணுக்கால்

“சுவாமி, நாங்கள் இடம்பெயர்ந்து வந்த சனம் எண்டபடியாலோ என்ர பிள்ளைக்கு ஒப்பரேசன் செய்யாமல் விட்டவை?”

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு தாய் எம்மிடம் கேட்ட கேள்வி இது. சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல், உறவினர் ஒருவரின் வளவில் கொட்டில் போட்டு, குத்தகைக்கு வயல் செய்து வாழும் குடும்பம் அது. மூத்த மகனுக்கு இருபது வயது. தகப்பனோடு வயலில் நிற்பவர். மாலையானால் கரப்பந்தாட்டத் திடலில் நிற்பவர். வலையருகே துள்ளி அடிப்பதில் ஊரில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஒருநாள் துள்ளி இறங்கும்போது எதிரணி வீரரின் பாதத்தின் மேல் இவருடைய கால் விழுந்து மடங்கியது.

வீட்டார் சுளுக்கு என்றே நினைத்தார்கள். நல்லெண்ணெய் பூசி உருவினார்கள். இரண்டு நாட்களில் கால் பூசணிக்காய் போல வீங்கியது. அதன் பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். எக்ஸ்றே எடுத்த வைத்தியர், வெளிப்பக்கக் கணுவில் என்பு முறிந்திருக்கிறது, ஆனால் விலகவில்லை, சத்திரசிகிச்சை தேவையில்லை என்று சொல்லி, முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டர் போட்டு அனுப்பிவிட்டார்.

தாய்க்கு மனம் ஆறவில்லை. காசுள்ள பிள்ளைகளுக்குத் தகடும் ஆணியும் வைக்கிறார்கள், எங்கள் பிள்ளைக்கு வெறும் பிளாஸ்டர்தானா என்று அவர் எண்ணினார். விதைநெல்லுக்கென எடுத்துவைத்த காசோடு, கழுத்துச் சங்கிலியையும் அடகு வைத்து, தனியார் வைத்தியசாலைக்குப் போக ஆயத்தமானார். போகும் வழியில்தான் எம்மிடம் வந்தார்.

இதே கேள்வி பல குடும்பங்களின் மனதில் இருக்கலாம். பலமுறை கைவிடப்பட்டவர்களுக்கு, இதுவும் ஒரு கைவிடல்தானோ என்ற எண்ணம் வருவதில் வியப்பில்லை. ஆகவே இந்தக் கேள்விக்குரிய பதிலை நாம் விபரமாகவே பார்ப்போம்.

கணுக்கால் எப்படி அமைந்திருக்கிறது?

கணுக்கால் மூட்டை ஒரு கவ்வைக்கு ஒப்பிடலாம். முழங்காலிலிருந்து இறங்கும் இரண்டு என்புகளில் உட்பக்கம் இருப்பது பெரியது. உடலின் பாரத்தின் மிகப் பெரும் பங்கை அதுவே தாங்குகிறது. வெளிப்பக்கம் இருப்பது மெல்லியது. இவ்விரண்டின் கீழ்நுனிகளும் உட்கணுவாகவும் வெளிக்கணுவாகவும் புடைத்து நின்று, பாதத்தின் மேலென்பை இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. இவற்றை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பவை உறுதியான இணையங்கள் என்னும் நார்கள்.

கொட்டிலின் ஒரு கப்பில் வெடிப்பு வந்தாலும், மற்றக் கப்புகளும் கட்டுக்கயிறுகளும் உறுதியாய் இருந்தால் கூரை அசையாது. கணுக்காலும் அப்படித்தான். வெளிக்கணு மட்டும் முறிந்து, உட்பக்க என்பும் நாரும் சேதமின்றி, நடுவிலுள்ள என்பு தன் இடத்தை விட்டு நகராமல் இருந்தால், அதை உறுதியான முறிவு என்கிறார்கள். இத்தகைய முறிவு தானாகவே பொருந்தும். தகடு வைப்பதால் கூடுதல் நன்மை பெரிதாக இல்லை. புண்ணில் கிருமி தொற்றுதல், தோல் நரம்பு சேதமடைதல், பின்னர் தகட்டைக் கழற்ற இன்னொரு சத்திரசிகிச்சை என்ற ஆபத்துகள்தான் கூடுகின்றன.

இரு கணுக்களும் முறிந்தால், நடு என்பு நகர்ந்தால், அல்லது என்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் நிலைமை வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சத்திரசிகிச்சை அவசியம். தோல் கிழிந்த முறிவென்றால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கலாகாது.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொன்ன பதில் இது: “அம்மா, உங்கட பிள்ளையின்ர கால் உறுதியாய் நிக்குது எண்டபடியால்தான் கத்தி வைக்கேல்லை. ஒரு பணக்காரர் இந்த முறிவோட போயிருந்தாலும் நல்ல வைத்தியர் இதைத்தான் சொல்லியிருப்பார்.”

ஒரு வைத்தியரின் சொந்தக் கால்

கணுக்கால் முறிவு ஒன்றுக்கு இன்றும் வைத்திய உலகில் பேர்சிவல் பொட் என்ற ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர் வழங்குகிறது. 1756ஆம் ஆண்டு இலண்டனில் குதிரையிலிருந்து விழுந்து அவருடைய கால் முறிந்தது. தன்னைக் கண்டபடி தூக்கினால் முறிவு மோசமாகும் என்று அறிந்திருந்த அவர், ஒரு கதவை வாங்குவித்துத் தடிகளில் அறைந்து, அதில் தன்னைச் சுமந்து செல்லச் செய்தார். அக்கால வழக்கப்படி காலை வெட்டி அகற்ற ஆயத்தங்கள் நடந்தன. கடைசி நேரத்தில் வந்த அவருடைய பழைய ஆசிரியர், வெட்டாமலே பார்க்கலாம் என்றார். கால் தப்பியது. பொட் மறுபடியும் நடந்தார். படுக்கையில் இருந்த நாட்களில் வைத்திய நூல் எழுதவும் தொடங்கினார். கத்தி வேண்டாம் என்று சொல்வதற்கும் தேர்ந்த அறிவு வேண்டும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

முதலில் செய்ய வேண்டியது

எமது இளைஞர் விடயத்தில் நடந்த ஒரே தவறு அந்த இரண்டு நாள் உருவல்தான். சுளுக்கா முறிவா என்று வீட்டில் எப்படி ஊகிப்பது? 1992ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் ஓர் எளிய விதியை வெளியிட்டார்கள். உலகெங்கும் இன்று அது பயன்படுகிறது. கணுக்கால் அடிபட்டு, கணுப் பகுதியில் நோ இருக்கும்போது, கீழ்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்றே எடுக்க வேண்டும்:

1. உட்கணுவின் அல்லது வெளிக்கணுவின் நுனியை, அல்லது அதன் பின்விளிம்பில் கீழ் 6 சென்ரிமீற்றர் அளவுக்குள் என்பை, விரலால் அழுத்தும்போது நோதல்.

2. அடிபட்டவுடனும், பின்னர் வைத்தியர் பார்க்கும்போதும், நொண்டியாவது 4 அடி நடக்க முடியாமை.

வெறிபோதையில் இருப்பவர்களுக்கும், நீரிழிவு முதலியவற்றால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இந்த விதியை நம்பக்கூடாது. அவர்களை எப்படியும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

வைத்தியசாலைக்குப் போகும் வரை காலை அசையாமல் மட்டையோ தலையணையோ வைத்துக் கட்டுங்கள், இறுக்க வேண்டாம். காலை உயர்த்தி வையுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். எண்ணெய் பூசி உருவுதல், சுடுதண்ணீர் ஒத்தடம், இழுத்து நிமிர்த்துதல் ஆகிய மூன்றும் வேண்டாம்.

முறிவு நெரிவு வைத்தியர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. தலைமுறை தலைமுறையாக எமது மக்களைக் காத்தவர்கள் அவர்கள். ஆனால் உள்ளே என்பு நகர்ந்திருக்கிறதா என்பதைக் கை சொல்லாது, எக்ஸ்றேதான் சொல்லும். அதற்கு முன்னர் புக்கை கட்டவோ மட்டை வைத்து இறுக்கவோ வேண்டாம். வீங்கிய காலில் இறுக்கமான கட்டு இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும்.

பிளாஸ்டர் காலம்: முதல் 6 வாரங்கள்

முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைந்து கட்டிபடும். இரண்டு மூன்று வாரங்களில் அது மெதுமெதுப்பான ஒட்டாக மாறும். ஏறக்குறைய 6 வாரங்களில் அதில் சுண்ணச்சத்து ஏறிக் கடினமாகத் தொடங்கும். பழைய வலிமையை என்பு அடைவதற்கு இன்னும் பல மாதங்கள் செல்லும். நாற்றுப் பிடித்துவிட்டது என்பதால் மறுநாளே அரிவாளோடு வயலில் இறங்குவாரில்லை.

முதலாவது, இரண்டாவது வாரங்களில் மறுபடி எக்ஸ்றே எடுப்பது என்பு நகராமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். நோ குறைந்துவிட்டது, பஸ் காசு மிச்சம் என்று இந்தத் தவணையைத் தவறவிடாதீர்கள். உறுதியான முறிவு என்ற தீர்ப்பை உறுதிப்படுத்துவது இந்தப் படம்தான்.

பிளாஸ்டர் எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். 2019ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு ஆய்வொன்று வெளிவந்தது. வெளிக்கணுவில் இத்தகைய உறுதியான முறிவுள்ள 247 பேரை மூன்று பிரிவாக்கி, சிலருக்கு 6 வாரப் பிளாஸ்டரும், சிலருக்கு 3 வாரப் பிளாஸ்டரும், சிலருக்கு 3 வாரம் கழற்றி மாட்டும் கணுக்கால் தாங்கியும் கொடுத்தார்கள். ஒரு வருடத்தின் பின் பார்த்தபோது, 3 வாரக் காரர்களின் கால்கள் 6 வாரக் காரர்களின் கால்களுக்குக் குறைந்தவையாக இருக்கவில்லை. நீண்ட காலம் கட்டி வைப்பது எப்போதும் கூடுதல் நன்மை தருமென்றில்லை என்பது இதனால் தெரிகிறது. என்றாலும் பிளாஸ்டரைத் தாமாக வெட்டிக் கழற்ற இது அனுமதிப்பத்திரம் ஆகாது. எமது இளைஞருக்கு 6 வாரம் என்று சொல்லப்பட்டது. அவர் அப்படியே இருந்தார்.

இக்காலத்தில் செய்ய வேண்டியவை:

முதல் வாரத்தில் பெரும்பாலான நேரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்தல். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கால்விரல்களை மடக்கி நீட்டுதல். முழங்காலை நேராக்கித் தொடைத் தசையை இறுக்கி 5 வினாடி வைத்து விடுதல். நேராக்கிய காலை மேலே தூக்குதல். கைகளுக்கும் நெஞ்சுக்குமான பயிற்சியை விளையாட்டு வீரர் நிறுத்த வேண்டியதில்லை. பிளாஸ்டரை நனைய விடாமலும், உள்ளே குச்சி விட்டுச் சொறியாமலும் பார்த்துக்கொள்ளுதல்.

நான்காம் வாரம் சிறிது பாரம் வைக்கலாம் என்று வைத்தியர் அனுமதித்தார். “சிறிது” என்றால் எவ்வளவு? சங்கக்கடையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் இளைஞர் ஊன்றுகோலோடு நின்று, பிளாஸ்டர் போட்ட காலை மட்டும் தட்டில் வைத்து, முள் 20 கிலோ காட்டும்வரை அழுத்தினார். அந்த அழுத்தத்தைக் கால் நினைவில் வைத்துக்கொண்டது. வைத்தியர் சொல்லும் அளவை இவ்வாறு அறிந்துகொள்வது யாருக்கும் முடியும்.

பிளாஸ்டர் கழன்ற பின்

பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். பிளாஸ்டர் கழன்ற அன்று வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதி வழிதான் வந்திருக்கிறோம். கெண்டைத் தசை மெலிந்திருக்கும். மூட்டு துருப்பிடித்த பிணைச்சல் போல இறுகியிருக்கும். மாலையில் வீக்கம் வரும். தான் எந்தக் கோணத்தில் நிற்கிறேன் என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் புலனும் மழுங்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பார்த்தால் இது உடனே விளங்கும்.

வைத்தியசாலையில் இயன்மருத்துவர் காட்டித்தரும் பயிற்சிகளை வீட்டில் தொடர்வதற்குப் பெரிய சாமான் ஒன்றும் தேவையில்லை.

7ஆம் முதல் 9ஆம் வாரம் வரை: காலைத் தொங்கவிட்டுக் கதிரையில் இருந்து, பெருவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதுங்கள்; ஒரு நாளில் மூன்று நான்கு முறை. நிலத்தில் விரித்த துவாயைக் கால்விரல்களால் சுருட்டி இழுங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதி நிலத்தை விடாமல் முழங்காலால் சுவரைத் தொட முயலுங்கள். நல்ல காலில் பெருவிரலுக்கும் சுவருக்கும் எத்தனை விரற்கடை தூரம் வருகிறது, நொந்த காலில் எத்தனை என்று வாரந்தோறும் கரியால் குறித்து வையுங்கள். ஊன்றுகோல் இரண்டிலிருந்து ஒன்றாகும். நொண்டாமல் நடக்கும்போதே அதையும் விட வேண்டும்.

10ஆம் முதல் 13ஆம் வாரம் வரை: பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒரு முனையைக் கப்பில் கட்டி, மறுமுனையைப் பாதத்தில் மாட்டி, உள்ளும் வெளியும் மேலும் கீழுமாக இழுங்கள். இரண்டு குதிகளையும் உயர்த்தி நின்று பழகி, பின் ஒற்றைக் காலில் உயருங்கள். ஒற்றைக் காலில் 30 வினாடி நில்லுங்கள். முதலில் கண்ணைத் திறந்து, பின் மூடி, பின் மடித்த சாக்கின் மேல். சைக்கிள் ஓட்டலாம்.

அந்த ஐப்பசியில் குடும்பத்துக்கு விதைப்பு வந்தது. மகன் உழவில் இறங்கத் துடித்தார். சேற்றில் கால் எங்கே புதையும் எங்கே திரும்பும் என்று தெரியாது. ஆகவே இயன்மருத்துவர் தடுத்தார். அவர் வரம்பில் இருந்து விதைநெல்லை அளந்து கொடுத்தார். அந்த ஒரு விதைப்பைத் தவறவிடுவதற்குப் பொறுமை வேண்டியிருந்தது.

அவசரம் எதைக் கேட்கும்?

ஒருநாள் அவர் எம்மிடம் வந்து, “இப்ப நோ இல்லை சுவாமி, ஏன் இறங்கக்கூடாது?” என்று கேட்டார். அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் கிரான்ற் ஹில்லின் கதையை நாம் சொன்னோம். 2000ஆம் ஆண்டு நொந்த கணுக்காலோடு தொடர்ந்து ஆடிய அவருக்கு, முக்கிய போட்டிகளின்போது அந்தக் கணுக்கால் முறிந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. அதே வருடம் புதிய அணிக்காக இறங்கியவர் அந்தப் பருவத்தில் 4 போட்டிகள்தான் ஆட முடிந்தது. மறுபடியும் மறுபடியும் சத்திரசிகிச்சைகள். 2003–2004 பருவம் முழுவதையும் இழந்தார். பின்னர் தேறி 2013 வரை ஆடினார் என்பது உண்மை. ஆனால் அவருடைய மிகச் சிறந்த வருடங்கள் போய்விட்டன. கைதேர்ந்த வைத்தியரும் பணமும் குறைவில்லாத ஒருவரின் கதை இது. கத்தி வைத்தாலும் வைக்காவிட்டாலும் என்புக்கும் நாருக்கும் வேண்டிய காலத்தை எவராலும் விலைக்கு வாங்க முடியாது.

திடலுக்குத் திரும்புதல்

நாட்காட்டியைப் பார்த்து இறங்காதீர்கள். காலைச் சோதித்து இறங்குங்கள். என்பு பொருந்திவிட்டது என்று வைத்தியர் சொன்ன பின், மறுநாள் வீக்கமோ நோவோ இல்லாமல் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்: வேக நடை, நேர் ஓட்டம், எட்டு வடிவ ஓட்டம், இரு காலில் துள்ளல், இறுதியில் ஒற்றைக் காலில் துள்ளல். நோ வந்தால் ஒரு படி இறங்கி, சில நாள் நின்று, மறுபடி ஏறுங்கள்.

சுவர்ச் சோதனையில் இரு கால்களும் ஏறக்குறையச் சமமாக இருக்கிறதா? ஒற்றைக் குதியில் நல்ல கால் எத்தனை முறை உயருகிறதோ நொந்த காலும் அத்தனை முறை உயருகிறதா? ஒற்றைக் காலில் பாயும் தூரம் நல்ல காலின் தூரத்தில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் திடலுக்குப் போகலாம். முதலில் பின்வரிசையில் பந்து எடுத்தலும் பரிமாறுதலும்; வலையருகே துள்ளுவது கடைசியாக.

1990களில் நோர்வே நாட்டுக் கரப்பந்தாட்ட அணிகளிடையே, வலையருகே எவ்வாறு துள்ளி இறங்குவது என்ற பயிற்சியும், ஆடும் பலகையில் சமநிலைப் பயிற்சியும் கொடுத்தபோது, கணுக்கால் சுளுக்குகள் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தன. எமது ஊர்க் கழகங்களும் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். நடுக்கோட்டைத் தாண்டிக் கால் வைப்பதை நடுவர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஒருமுறை முறிந்த காலுக்குச் சில மாதங்கள் கணுக்கால் தாங்கி அணிவதும் நல்லது.

உணவும் எச்சரிக்கையும்

என்பு வளரப் புரதமும் சுண்ணச்சத்தும் வேண்டும். முள்ளோடு உண்ணும் நெத்தலி, முட்டை, பயறு, குரக்கன், முருங்கையிலை, கிடைத்தால் பால். காலை வெயிலில் சிறிது நேரம் இருத்தல். புகைபிடித்தல் என்பு பொருந்துவதைத் தாமதப்படுத்துகிறது. வீட்டிலுள்ள பெரியவர்களும் இதைக் கவனிக்க.

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் தவணை வரும்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்: பிளாஸ்டருக்குள் நோ குறையாமல் கூடிக்கொண்டே போதல், விரல்கள் நீலித்தல், குளிர்தல், விறைத்தல், கெண்டைத் தசை வீங்கி நோதல், பிளாஸ்டருக்குள்ளிருந்து துர்நாற்றம் வீசுதல். மூச்சு முட்டினாலோ நெஞ்சு நொந்தாலோ உடனே போங்கள். காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

முடிவாக

அந்தத் தாய் சங்கிலியை அடகு வைக்கவில்லை. விதைநெல்லுக்கான காசு விதைநெல்லாகவே வயலுக்குப் போனது. 2024 தைப்பொங்கலை ஒட்டி நடந்த ஊர்ப் போட்டியில் மகன் பின்வரிசையில் இறங்கினார். வலையருகே போக அவருடைய பயிற்றுநர் அன்று அனுமதிக்கவில்லை, அவரும் அடம்பிடிக்கவில்லை. மாசிக்குப் பின்னரே மறுபடி துள்ளி அடித்தார்.

உறுதியான முறிவுக்குச் சத்திரசிகிச்சை இல்லை என்று சொல்லும் வைத்தியர், சிகிச்சையின் பாதியைத் தன் கையிலும் மறுபாதியை உங்கள் கையிலும் வைக்கிறார். படத்தை விளங்கப்படுத்தும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு: “என்பு விலகியிருக்கிறதா? மூட்டு உறுதியாக இருக்கிறதா? எப்போது மறுபடி படம் எடுக்க வேண்டும்?” இந்த மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். பதில் கிடைத்த பின், சைக்கிள் ரியூப்பையும் சுவரில் குறிக்கக் கரித்துண்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் பாதியை நீங்கள் தொடங்குங்கள்.